அறுபத்து நான்கு கிலோவும் அரைஞாண் கயிறும்

பன்னிரண்டு வருடமாக என் எடை 64 கிலோ. தீபாவளிக்கு ஒரு கிலோ ஏறும், காய்ச்சல் வந்தால் ஒரு கிலோ இறங்கும், திரும்பவும் 64-இல் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆசிரியர் அறையில் யாராவது சட்டைப் பட்டனை மாட்ட முடியவில்லை என்று அலுத்துக்கொண்டால், நான் டிபன் பாக்ஸை மூடியபடியே, "நமக்கெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் வெயிட் ஏறவே இல்ல சார்" என்று ஒரு வார்த்தை விடுவேன். கொஞ்சம் அல்பமான பெருமைதான். ஆனாலும் விடுவேன்.

கும்பகோணத்தில் இயற்பியல் வாத்தியார் நான். ஐம்பது முடிந்துவிட்டது. வெர்னியர் அளவி, திருகு அளவி, சுழிப்பிழை, மீச்சிற்றளவு என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, என் உடம்பை மட்டும் ஒரே ஒரு கருவியால், அதுவும் தப்பான கேள்விக்குப் பதில் சொல்கிற கருவியால், அளந்துகொண்டிருந்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

போன ஆடியில் பள்ளியில் எங்களுக்கு மருத்துவ முகாம் வைத்தார்கள். உயரம் 168 செ.மீ., எடை 64.1 கிலோ. செவிலியர் அட்டையைப் பார்த்து, உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று சொல்லும் பிஎம்ஐ 22.7 என்று எழுதி, "நார்மல் சார்" என்றார். நான் பின்னால் வரிசையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தேன். இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, அதாவது ஹெச்பிஏஒன்சி, 6.1. அது 5.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடுவில், வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"எனக்கு வெயிட்டே இல்லையே டாக்டர்" என்றேன். என் மாணவியாக இருந்திருக்கக்கூடிய வயது அந்த டாக்டருக்கு. பதில் சொல்லாமல் மேஜை டிராயரிலிருந்து ஒரு டேப்பை எடுத்து, சட்டையைத் தூக்கச் சொல்லி, வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். 92 செ.மீ.

"நம்ம ஊர் ஆம்பளைங்களுக்கு 90 தாண்டக் கூடாது சார். பொம்பளைங்களுக்கு 80. உங்க வெயிட்ல ஒண்ணும் தப்பில்ல. அது எங்க போய் உக்காந்திருக்குங்கிறதுதான் பிரச்சனை."

அடர்த்தி, பரவல், நிறை மையம் எல்லாம் நடத்துகிறவனுக்கு இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். அவர் சொல்லி அனுப்பியதுதான். பூ கட்டுகிற நூலை உச்சந்தலையிலிருந்து பாதம் வரை பிடித்து வெட்டச் சொன்னேன். என் மனைவி நாற்காலி மேல் ஏறி நின்று வெட்டினாள். அந்த நூலை இரண்டாக மடித்தால் என் உயரத்தில் பாதி, 84 செ.மீ. அது இடுப்பைச் சுற்றி வந்து முனையோடு முனை சேர வேண்டும். இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. சேரவில்லை. தொப்புளுக்குப் பக்கத்தில் நான்கு விரல்களை வைத்த பிறகும் இடைவெளி மிச்சம் இருந்தது. "நூல் சுருங்கியிருக்கும்" என்றேன். "நனையாத நூல் எங்கேங்க சுருங்கும்?" என்றாள் அவள்.

என் கட்சிக்கு இன்னொரு சாட்சி இருந்தது. பேண்ட். பத்து வருடத்துக்கும் மேலாக என் பேண்ட் இடுப்பு 34 இன்ச்தான், ஒரு தடவைகூட மாற்றித் தைத்ததில்லை. வயிறு போட்டிருந்தால் பேண்ட் சொல்லியிருக்காதா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு எங்கள் தெரு முனையில் தையல் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர்தான் எனக்குத் தைக்கிறார். பழைய அளவு நோட்டுகளைத் தூக்கிப் போடமாட்டார். மேலே பரணில், முனை மடங்கி, நூல் தூசி படிந்து அடுக்கி வைத்திருப்பார்.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நாலைந்து நோட்டுகளை இறக்கினார். பேண்ட் பக்கத்தில் நான் சொன்னது சரிதான். இடுப்பு 34, இடுப்பு 34, இடுப்பு 34. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பக்கத்தைத் திருப்பினார். நீளம், சோல்டர், மார்பு, அதற்குக் கீழே எப்போதும் நான் பார்க்காமல் விட்ட ஒரு வரி: வயிறு. 2011-இல் 33½. அடுத்த நோட்டில் 34¼. அப்புறம் 35. கொரோனாவுக்குப் பிறகு தைத்த சட்டைக்கு 36¼.

"அப்ப பேண்ட் எப்படி பாய் அதே 34?"

"நீங்க பேண்டை வயித்துக்குக் கீழ இறக்கிப் போட ஆரம்பிச்சுட்டீங்க சார். எல்லாரும் அப்படித்தான். வயிறு மேல ஏற ஏற பெல்ட்டு கீழ போகும். அங்க எலும்புதான, அது எங்க பெருக்கும்? பேண்ட் உயரத்தைப் பாருங்க, அரை இன்ச்சு அரை இன்ச்சா குறைச்சிருக்கேன். நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல."

பதினான்கு வருடமாக என் வயிற்றின் வரலாற்றை ஒருவர் கால் இன்ச் துல்லியத்தில் எழுதி வைத்திருக்கிறார், அதுவும் பென்சிலில். பெருமையாகச் சொல்லிக்கொண்ட 64 கிலோவுக்குள் கை கால் சதை மெலிந்துகொண்டே வந்திருக்கிறது, வயிற்றில் அதே எடைக்குக் கொழுப்பு சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. தராசின் முள் நகராமல் இருக்க வேறென்ன வேண்டும்? இரண்டு தட்டிலும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரே ஒரு படத்தை வைத்து ஒரு சிறு கட்டுரை வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின், இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ அச்சடித்த மாதிரி 22.3. கொழுப்பை அளந்து பார்த்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். மெலிந்த ஆள், உள்ளே கொழுத்த உடம்பு. ஒரு மருத்துவர் தன் உடம்பையே சான்றாக வைத்து இதைச் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. என் எண் 22.7, அவருடைய எண்ணுக்குப் பக்கத்து வீடு.

பிஎம்ஐ-யைத் திட்டுவதும் நியாயமில்லை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தக் கணக்கைப் போட்டவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்டலே. வானியலாளர், புள்ளியியலாளர். 1830-களில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று ஆராய்ந்தபோது கண்ட சூத்திரம். அதற்கு பிஎம்ஐ என்று பெயர் வைத்து மருத்துவத்துக்குள் பரப்பியது அமெரிக்காவின் ஆன்செல் கீஸ், 1972-இல். ஆயிரம் பேரைப் பற்றிப் பேசத்தான் அந்தக் கணக்கு. என் ஒருவன் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. இந்தியர்களுக்கு 25-க்குப் பதில் 23-லேயே எச்சரிக்கைக் கோடு போட்டிருக்கிறார்கள். நான் அந்தக் கோட்டுக்கும் இந்தப் பக்கம்தான் இருந்தேன்.

சரி, அளப்பது என்று முடிவாகிவிட்டது. முதல் வேலையாக வீட்டு எடை மெஷினையே சோதனைக்கு உட்படுத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏறி ஏறி இறங்கினேன். காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்ததும் 63.6. நாலு இட்லி, காபிக்குப் பிறகு 64.3. மதியம் உறவுக்காரர் வீட்டு விருந்தில் பாயசம் வரை ஒரு கை பார்த்துவிட்டு வந்து ஏறினால் 65.2. மறுநாள் காலை 64.1. ஒரே நாளில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆட்டம். இதில் கொழுப்பு எத்தனை கிராம் மாறியிருக்கும்? ஒன்றும் இருக்காது. எல்லாம் சோறு, தண்ணீர், உப்பு. உடம்பு மாவுச்சத்தைத் தசையிலும் ஈரலிலும் சேமிக்கும்போது ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் கூட இழுத்து வைத்துக்கொள்கிறது. டயட் ஆரம்பித்த முதல் வாரம் மளமளவென்று இரண்டு கிலோ இறங்குவதும், ஒரு கல்யாணச் சாப்பாட்டில் திரும்பி வருவதும் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான். மெஷினின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 100 கிராம். அளக்கப்படும் பொருள் தானாகவே ஒன்றரைக் கிலோ ஆடுகிறது. இந்தச் சோதனையை ஒரு மாணவன் ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அடுத்து டேப். மனைவியின் தையல் பெட்டியில் இருந்த துணி டேப்பைப் பள்ளி ஆய்வகத்து மீட்டர் அளவுகோல் மேல் விரித்தேன். டேப்பில் 100 என்று இருந்த இடம் அளவுகோலில் 100.8-இல் விழுந்தது. வருடக்கணக்கில் இழுத்து இழுத்து நீண்டுவிட்டது. நீண்ட டேப் எப்போதும் குறைத்துத்தான் சொல்லும். நமக்குச் சாதகமான பொய், அதனால்தான் யாரும் மாற்றுவதில்லை. பாயிடம் சொல்லிப் புது டேப் ஒன்று வாங்கினேன்.

எங்கே அளப்பது என்பதில்தான் மற்றவர்கள் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். பேண்ட் நிற்கிற இடம் இல்லை. பக்கவாட்டில் விரலை வைத்து அழுத்தினால் கடைசி விலா எலும்பு தட்டுப்படும், அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவே. டேப் முதுகுப் பக்கம் தொங்கிவிடக் கூடாது, தரைக்கு இணையாக ஓட வேண்டும். சதையில் பதியாமல், நழுவாமல் இருக்க வேண்டும். இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் நொடியில் படிக்க வேண்டும். நானே குனிந்து படித்தால், சாய்வாகப் பார்ப்பதால் எண் தப்பாகத் தெரியும் இடமாறு தோற்றப்பிழை, போதாததற்குக் குனியும்போது வயிறே மாறிவிடுகிறது. ஆகவே மனைவிதான் படிப்பாள். முதல் தடவை அவள் டேப்பைச் சுற்றியதும் என்னையறியாமல் வயிற்றை உள்ளே இழுத்தேன். 88.

"மூச்ச விடுங்க."

"விட்டுட்டேன்."

"நான் உங்களுக்கு இருபத்து மூணு வருஷமா சோறு போடுறேன். விடுங்க."

92. மூன்று முறை அளந்து சராசரி எடுத்தோம். 91.8, 92.3, 92. அப்புறம் கை, தொடை, கெண்டைக்கால். வலது புஜம் 27.5. கெண்டைக்கால் 33. எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். மாதம் ஒரு முறை, முதல் ஞாயிறு, காலையில், வெறும் வயிற்றில். அதற்கு மேல் அடிக்கடி அளந்தால் பிழையைத்தான் அளப்போம்.

படமும் எடுத்தோம். ஹாலில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கும் சுவருக்கு முன்னால், சட்டை இல்லாமல், முன்னே ஒன்று பக்கவாட்டில் ஒன்று. காலண்டரில் தேதி தெரிகிறது, தனியாக எழுத வேண்டாம். முதல் மாதப் படத்தில் என் வயிற்றுக்குப் பக்கத்தில் 'ஆடி அமாவாசை' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அந்தப் படத்தை யாருக்கும் காட்ட மாட்டேன்.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு ஜிம்முக்குப் போனேன். எந்த ஜிம் என்று சொல்லவில்லை. அங்கே ஒரு மெஷின். வெறுங்காலோடு ஏறி நின்று இரண்டு கைப்பிடிகளைப் பிடித்தால் உடம்புக்குள் சிறு மின்னோட்டத்தை அனுப்பி, மின்தடையை வைத்துக் கொழுப்பைக் கணக்கிடும். தத்துவம் நல்ல தத்துவம்தான். தசையில் தண்ணீரும் உப்பும் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பில் தடை அதிகம். என் கொழுப்பு 27.4 சதவீதம், உடல் வயது 58 என்று சீட்டு வந்தது. எனக்கு ஒரு சந்தேகம். குழாயடியில் போய்க் காலை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, இரண்டு டம்ளர் தண்ணீரும் குடித்துவிட்டு இருபது நிமிடம் கழித்து ஏறினேன். 25.1. உடல் வயது 54. பித்தவெடிப்பு உள்ள காய்ந்த பாதத்துக்கும் ஈரம் உள்ள பாதத்துக்கும் நாலு வயது வித்தியாசம்.

அந்தக் காலத்தில் ரயில் நிலையங்களில் எடை மெஷின் இருக்கும். காசு போட்டால் கலர் விளக்குகள் சுழன்று, டக் என்று ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். தஞ்சாவூர் ஸ்டேஷனில் அப்பாவிடம் காசு கேட்டு அடம்பிடித்திருக்கிறேன். 'உடல் வயது' என்பது அந்த அட்டையின் மறு பக்கம் என்றுதான் எனக்குப் பட்டது. பயிற்சியாளர் தம்பி சீட்டைப் பார்த்துவிட்டு, "மூணு மாசத்துல எட்டு கிலோ இறக்கிடலாம் சார், பேக்கேஜ் இருக்கு" என்றான். எட்டு கிலோ இறக்கினால் 56. என் அம்மா ஜிம் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கொழுப்பையும் தசையையும் எலும்பையும் பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, எலும்பு அடர்த்தி பார்க்க எடுப்பார்களே, அதுதான். பெரிய ஊர்களில் எடுக்கலாம். எனக்கு டேப்பும் நூலும் போதும் என்று விட்டுவிட்டேன்.

என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. விடிவதற்கு முன்னால் மகாமகக் குளத்தைச் சுற்றி நடை. பதினாறு மண்டபங்களையும் பார்த்துக்கொண்டு சுற்றினால் எத்தனை சுற்று என்ற கணக்கு மறந்துபோகும், அது ஒரு வசதி. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலேயே உட்கார்ந்து எழுவது, திண்ணையில் கையை ஊன்றித் தண்டால், தண்ணீர் கேனைத் தூக்குவது. சோறு பாதியானது, பயறும் முட்டையும் கூடின. டிகிரி காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். இந்த ஊரில் இருந்துகொண்டு காபியையே நிறுத்தச் சொன்னால் நான் சர்க்கரை நோயோடு சமாதானமாகப் போய்விடுவேன்.

மூன்று மாதம் கழித்து எடை மெஷினில் ஏறினேன். 64.3. ஏறியிருந்தது! அந்த ஒரு எண் மட்டும் கையில் இருந்திருந்தால் அன்றைக்கே கேனை இறக்கி வைத்திருப்பேன். நோட்டைத் திறந்தால் இடுப்பு 89, புஜம் 28.4. மெஷின் பார்க்காததை நோட்டு பார்த்திருந்தது.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னதும் ஒருவர், "தசை கொழுப்பைவிட வெயிட் அதிகம் சார், அதான்" என்றார். ஒரு கிலோ பஞ்சு கனமா ஒரு கிலோ இரும்பு கனமா என்று ஆறாம் வகுப்பில் கேட்போமே, அந்தக் கதைதான். ஒரு கிலோ தசையும் ஒரு கிலோ கொழுப்பும் ஒரு கிலோதான். அடர்த்திதான் வேறு. ஒரு லிட்டர் கொழுப்பு சுமார் 900 கிராம், தேங்காய் எண்ணெய் மாதிரித் தண்ணீரில் மிதக்கும். ஒரு லிட்டர் தசை சுமார் 1,060 கிராம், மூழ்கும். அப்படியானால் ஒரு கிலோ கொழுப்பு போய் ஒரு கிலோ தசை வந்தால் மிச்சமாகும் இடம் 170 மில்லி அளவுக்குத்தான், ஒரு டம்ளர் காபி. அதை வைத்து இடுப்பு மூன்று செ.மீ. குறைந்ததை விளக்க முடியாது என்று கணக்குப் போட்டபோது எனக்கே குழப்பமாகத்தான் இருந்தது. பிறகு புரிந்தது, டாக்டர் சொன்ன அதே 'எங்கே' தான். போனது வயிற்றிலிருந்து, வந்தது தொடையிலும் தோளிலும். மொத்தக் கன அளவு கொஞ்சம்தான் மாறியது, பங்கீடு நிறைய மாறியது.

என் மனைவி இந்த ஆராய்ச்சியில் சேரவில்லை. எடை மெஷின் மேல் அவளுக்கு என்னைவிடப் பழைய கோபம். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் ஒன்றரைக் கிலோ ஏறிக் காட்டும், ஒரு வாரம் சாப்பிடாமல் கிடப்பாள், அது தானாக இறங்கியிருக்கும். இப்படியே நாற்பது வயதுவரை ஓட்டியிருக்கிறாள். இப்போது அவளுடைய அளவுகோல் ரவிக்கை. உள்ளே இரண்டு மூன்று தையல் ஓட்டி, பிரித்துக்கொள்ள இடம் விட்டுத்தான் தைப்பார்கள். வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டே வந்தவள், என்னோடு நடக்க ஆரம்பித்து ஐந்தாவது மாதம், ஒரு தையலைத் திரும்பப் போட்டாள். என்னிடம் சொல்லவில்லை, மெஷின் சத்தம் கேட்டுத்தான் பார்த்தேன். வளையலை வைத்து அளக்கலாமே என்று கேட்டேன். வளையல் அளவு 2.4, 2.6 என்பதெல்லாம் தசமம் இல்லை, இரண்டு இன்ச்சும் பதினாறில் நான்கும், பதினாறில் ஆறும். இது எனக்கே சமீபத்தில்தான் தெரியும். வளையல் ஏறுவது கை எலும்பைப் பொறுத்தது, சதையைப் பொறுத்தது இல்லை என்று ஒரே வாக்கியத்தில் என் யோசனையை முடித்துவைத்தாள்.

டேப்பில் வராத அளவுகளும் உண்டு. காலையில் படுக்கையை விட்டு எழும் முன் நாடித்துடிப்பு. கலிலியோ நாடியை வைத்து ஊசலை அளந்ததாகச் சொல்வார்கள். நான் சுவர்க் கடிகாரத்தை வைத்து நாடியை எண்ணினேன். ஆடியில் நிமிடத்துக்கு 82, இப்போது 70. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து முப்பது விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்பது இன்னொன்று. 11 தடவை இருந்தது 17 ஆகியிருக்கிறது. இருபது லிட்டர் கேனை டிஸ்பென்சர் மேல் கவிழ்க்க முன்பு மகனைக் கூப்பிடுவேன். அவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வருவதற்குள் எனக்குத் தாகமே போய்விடும். இப்போது கூப்பிடுவதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த அளவு சுவாமிமலையில் இருக்கிறது. கோயிலுக்கு ஏற 60 படிகள், ஒவ்வொரு படிக்கும் ஒரு தமிழ் ஆண்டு. பிரபவ, விபவ, சுக்ல என்று தொடங்கி அட்சயவில் முடியும். கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, விடிகாலையில் சைக்கிளில் போய், படிக்கு ஒரு பெயராக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிற்காமல் ஏறுவேன். எந்தப் பெயரில் குரல் உடைகிறதோ, அதுதான் அன்றைய அளவு. பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா என்று பார்ப்பது உடற்பயிற்சிக்காரர்கள் ஒப்புக்கொண்ட சோதனைதான், அதை நான் கொஞ்சம் பக்தியாக்கிவிட்டேன். ஆடியில் 'விஜய' என்று சொல்லும்போது மூச்சு முட்டியது, 27-ஆவது படி. ஐப்பசியில் 'விசுவாவசு', 39. நான் பிறந்தது ஆனந்த வருடம், 48-ஆவது படி. தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அதைக் குரல் உடையாமல் தாண்டினேன். 'ராட்சச'வும் தாண்டி, 'நள'வில்தான் திணறியது. பின்னால் ஏறி வந்த ஒரு பாட்டி, "ஏதாவது வேண்டுதலா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றேன்.

மாசியில் திரும்பவும் ரத்தம் கொடுத்தேன். 5.8. இன்னும் வாசற்படியை விட்டு முழுதாக இறங்கவில்லை, ஆனால் கால் வெளியே திரும்பியிருக்கிறது. இடுப்பு 86. நூலை மடித்துச் சுற்றினால் இடைவெளி ஒரு விரல் அகலம்தான். எடை 63.5.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். கிணற்றடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டாள். என் அரைஞாண் கயிறு நழுவி இடுப்பெலும்புக்கும் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. போன பொங்கலுக்கு முந்தைய பொங்கலில் கட்டியது, அப்போது பதிந்து கிடந்த தடம் இன்னும் லேசாக இருக்கிறது. எங்கள் பாட்டி குழந்தைகளைத் தூக்கியதும் முதலில் அந்தக் கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். இறுக்கமாக இருந்தால் பிள்ளை தேறுகிறது, தளர்ந்திருந்தால் ஏதோ கோளாறு. அம்மாவும் அப்படியே ஈரக் கையோடு வந்து விரலை விட்டாள். இரண்டு விரல் போனது, மூன்றாவதும் போனது.

"என்னடா இப்புடி எளைச்சுக் கெடக்க? ஒழுங்கா சாப்புடுறியா இல்லையா?"

"வெயிட்டெல்லாம் அதேதான்மா. அறுபத்து நாலு."

"மிசினு ரிப்பேரா இருக்கும்" என்றாள்.

உள்ளே போய்ப் புதுக் கறுப்புக் கயிறு ஒன்றை எடுத்து வந்து, பழையதை அறுத்துவிட்டுக் கட்டினாள். முடிச்சைப் போடும் முன் நான்கு விரலைச் சேர்த்து உள்ளே வைத்து, தாராளமாக இடம் விட்டாள்.

"லூசா இருக்கேம்மா."

"இருக்கட்டும். ஒடம்பு தேறணும்ல."